இரு முனைகளின் வித்தியாசம்

நேர்கோடுகளால் எல்லை கட்டப்பட்ட நிலத்தை அளப்பது மனிதனுக்கு மிகப் பழைய காலத்திலேயே கைவந்த வித்தை. நாற்கோணமாயின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியும், பல கோணங்கள் உடையதாயின் அதை முக்கோணங்களாகப் பிரித்தும், எகிப்திலும் பாபிலோனிலும் இருந்த கணக்கர்கள் தங்கள் காரியத்தைச் செவ்வனே முடித்து வந்தார்கள். எல்லைகளில் ஒன்று வளைந்துவிட்டபோதுதான் சங்கடம் பிறந்தது. வளைகோட்டின் கீழ் அடங்கும் பரப்பு இவ்வளவு என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும் முயற்சி, கிரேக்கர் காலந்தொட்டு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் உலகத்துப் பேரறிவாளர்களின் உழைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டது. அதே வினாவுக்கு இன்று மேல்வகுப்பு மாணவன் நான்கு வரியில் விடை எழுதுகிறான்: கொடுத்த சார்பு எந்தச் சார்பை வகையிட்டதால் கிடைத்திருக்கும் என்று பின்னோக்கி யோசித்து அந்த எதிர் வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கிறான், அதில் மேல் எல்லையை இட்டு ஒரு மதிப்பும், கீழ் எல்லையை இட்டு ஒரு மதிப்பும் பெறுகிறான், முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறான், வரையறுத்த தொகை கைக்கு வந்துவிடுகிறது. கூட்டிக் காண வேண்டியதொன்றைக் கழித்துக் காணும் இந்த முறை எங்கே தோன்றிற்று, எவர் எவர் அதன் வாசல் வரை வந்து திரும்பினர், அது கைவந்த பின் எது மறக்கப்பட்டது என்பதை ஆராய்வது கணித சரித்திரத்தில் மிகவும் சுவையான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், டொசிதியஸ் என்னும் அறிஞருக்கு எழுதி அனுப்பிய ஒரு நூலில், பரவளையத்தை நேர்கோடு ஒன்று வெட்டுவதால் உண்டாகும் துண்டின் பரப்பை நிர்ணயம் செய்தார். துண்டினுள் முதலில் ஒரு முக்கோணத்தைப் பொருத்தினார். அதன் இருபுறமும் மிஞ்சிய இரண்டு சிறு துண்டுகளிலும் அவ்வாறே முக்கோணங்களைப் பொருத்த, அவை இரண்டும் சேர்ந்து முதல் முக்கோணத்தில் சரியாக நான்கில் ஒரு பங்காக இருந்தன. மேலும் மிஞ்சியவற்றில் பொருத்திய நான்கும் சேர்ந்து பதினாறில் ஒரு பங்காயின. இவ்விதம் ஒன்று, கால், பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று முடிவின்றிச் செல்லும் தொடரின் கூட்டுத்தொகை ஒன்றேமுக்காலே அல்ல, ஒன்றரையும் அல்ல, மூன்றில் நான்கே என்று கண்டு, பரப்பு அதனினும் மிகுதியாக இருக்க முடியாது, குறைவாகவும் இருக்க முடியாது என்று இருபுறமும் நெருக்கி நிரூபணம் செய்தார். அந்த நிரூபணத்தில் ஓர் ஊசி நுழையும் இடைவெளியும் இல்லை. ஆயினும் அந்த யுக்தி அந்த வளைவரைக்கு மட்டுமே உரியது. சுருள்வரைக்கு வேறொரு யுக்தியும், கோளத்திற்கு மற்றொன்றும் அவர் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. 1906-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஹைபெர்க் என்ற டென்மார்க் தேசத்து அறிஞர், பிரார்த்தனை நூலொன்றின் எழுத்துக்களுக்கு அடியில் மங்கிக் கிடந்த பழைய எழுத்தைப் படித்து, எரடோஸ்தனீஸுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய மற்றொரு நூலை வெளிக்கொணர்ந்தபோது, அம்மேதை உருவங்களை மெல்லிய கீற்றுகளாக அறுத்து, துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பதாகப் பாவித்து விடைகளை முதலில் ஊகித்தார் என்பது தெரிய வந்தது. ஊகிக்கும் வழி பொதுவானதுதான். ஆனால் எந்தக் கீற்றை எதற்கு எதிரே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு முறையும் அவருடைய மேதையே சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டிக் காண்பதில் உள்ள சிரமத்தை வாசகர் கண்ணாற் காண்பது நல்லது. ஒரு வளைவரையின் உயரம், தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமாக இருக்கிறது என்று கொள்வோம். சூன்யத்திலிருந்து ஒன்று வரை அதன் கீழுள்ள பரப்பு வேண்டும். தூரத்தைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூற்றின் மேலும் அதன் வலக்கரை உயரத்திற்கு ஒரு செவ்வகத்தை நிறுத்தினால், ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டி ஆயிரத்தால் வகுக்க வேண்டும், கூட்டுத்தொகை 385, ஆகவே பரப்பு 0.385. நூறு கூறாக்கினால் கூட்டுத்தொகை 338350, பரப்பு 0.33835. ஆயிரம் கூறாக்கினால் 0.3338335. மூன்றில் ஒரு பங்கை நோக்கி விடை இறங்கி வருவது தெரிகிறது. அதை நிச்சயப்படுத்துவதற்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு சூத்திரம் வேண்டும். உயரம் கனமாக மாறினால் கனங்களுக்கு வேறொரு சூத்திரம்; நான்காம் அடுக்காயின் இன்னுமொன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பரவளையத்தை அதன் அச்சுக்குச் செங்குத்தான கோட்டைப் பற்றிச் சுழற்றினால் வரும் திண்மத்தின் கன அளவு, அதைச் சூழ்ந்த உருளையில் பதினைந்தில் எட்டுப் பங்கு என்று கண்டபோது, நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை அதற்கெனவே உருவாக்கிக்கொண்டார்.

ஐரோப்பாவில் இவ்விஷயம் மீண்டும் உயிர் பெற்றதற்கு ஒரு திருமணம் காரணமாயிற்று என்றால் வியப்பாக இருக்கும். லின்ஸ் நகரில் வசித்து வந்தபோது 1613-ஆம் ஆண்டில் இரண்டாம் விவாகம் செய்துகொண்ட கெப்ளர், வீட்டிற்குத் திராட்சை ரசப் பீப்பாய்களை வாங்கியபோது, வியாபாரி பீப்பாயின் வாய்த் துளை வழியே ஓர் அளவுகோலைச் சாய்வாகச் செருகி, அது நனைந்த நீளத்தைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை அளவு என்று விலை சொன்னதைக் கண்டு திகைத்தார். அந்த முறை சரியா என்ற கேள்வி அவரை விடவில்லை. வளைந்த வயிறுடைய பாத்திரங்களை எண்ணிறந்த மெல்லிய தகடுகளாகப் பாவித்துக் கன அளவு காணும் நூலொன்று 1615-ல் வெளிவந்தது. அதன் பின் கலிலியோவின் சீடரான கவலியெரி 1635-ல் பொலோன்யாவில் வெளியிட்ட பெருநூலில், ஒரு பரப்பினுள் அடங்கும் ‘எல்லாக் கோடுகளையும்’ திரட்டிப் பார்க்கும் முறையை வகுத்தார். ஒன்பதாம் அடுக்கு வரை உள்ள வளைவரைகளின் பரப்பை நாளடைவில் அவர் பெற்றார். பிரான்ஸில் துலூஸ் நகரத்து நியாயஸ்தலத்தில் உத்தியோகம் வகித்துக்கொண்டே கணிதம் பயின்ற பெர்மா, தூரத்தைச் சமகூறுகளாக வெட்டாமல் ஒன்றுக்கொன்று குறித்த விகிதத்தில் சுருங்கும் கூறுகளாக வெட்டினால், பின்ன அடுக்குகளுக்கும் ஒரே வீச்சில் விடை வருவதைக் கண்டார். இத்தனை பேருடைய உழைப்பும் ஒரே விதியில் வந்து முடிந்தது: அடுக்குடன் ஒன்றைக் கூட்டு, கூட்டி வந்த எண்ணால் வகு.

இதே பெர்மாவிடம் தொடுகோடு காணும் முறையும் இருந்தது என்பதுதான் சரித்திரத்தின் விந்தை. வளைவரையின் ஒரு புள்ளியில் அது ஏறும் சரிவைக் காண்பதற்கு, அடுக்கால் பெருக்கி அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒன்றில் பெருக்கல், மற்றதில் வகுத்தல். ஒன்றில் ஒன்று குறைகிறது, மற்றதில் ஒன்று கூடுகிறது. இரண்டு விதிகளும் ஒரே மனிதருடைய மேசையின் மேல் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகக் கிடந்தன. ஆயினும் பரப்பு ஒரு பிரச்சினை, தொடுகோடு வேறொரு பிரச்சினை என்று தனித்தனியே பயின்று வந்த வழக்கம் அவ்வளவு உறுதியாக இருந்தபடியால், அவை ஒன்றையொன்று அவிழ்க்கும் செயல்கள் என்பதை எல்லா வளைவரைகளுக்கும் உரிய விதியாக அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. அறிவின் வளர்ச்சியில் புதிய பொருளைக் காண்பதைவிட, கையிலிருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றே எனக் காண்பது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரப்பு காணும் அந்த விதி ஓரிடத்தில் மட்டும் பொய்த்தது. உயரம் தூரத்தின் தலைகீழாக இருக்கும் அதிபரவளையத்தில், அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் சூன்யம் வருகிறது. சூன்யத்தால் வகுப்பது எங்ஙனம்? இந்த வளைவரையை ஊன்றி ஆராய்ந்தவர் பெல்ஜிய தேசத்து ஏசு சபைத் துறவியான கிரெகரி. முப்பதாண்டுப் போர்க் காலத்தில் பிராக் நகரம் எதிரிகள் வசமானபோது தம் கையெழுத்துப் பிரதிகளை அங்கேயே விட்டு ஓடிய அவர், பல ஆண்டுகள் கழித்தே அவற்றைத் திரும்பப் பெற்று, 1647-ல் ஆன்ட்வெர்ப் நகரில் பெருநூலாக அச்சிட்டார். வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டதாக அந்நூலில் அவர் கொண்டிருந்த உறுதி பிழையென்று கணித அறிஞர் ஹைகன்ஸ் விரைவிலேயே காட்டினார். ஆனால் அதே நூலில், அதிபரவளையத்தின் கீழ் தூரங்கள் ஒரே விகிதத்தில் பெருகினால் பரப்புகள் ஒரே அளவு கூடிச் செல்கின்றன என்ற மணி போன்ற உண்மை பதிந்திருந்தது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் குணம் மடக்கைக்கு உரியதல்லவா? அதை 1649-ல் எடுத்துச் சொன்னவர் அவருடைய மாணவர் சரசா. பொது விதிக்கு அடங்காத ஒரே வளைவரையின் பரப்பு, வேறொரு காரியத்திற்காக நேப்பியர் கண்டுபிடித்த மடக்கை வாய்பாட்டினுள் ஏற்கெனவே அடங்கிக் கிடந்தது.

இரண்டு பிரச்சினைகளையும் இணைக்கும் பாலத்திற்கு முதல் கல் க்ஷேத்திரகணிதத்திலிருந்து வரவில்லை. சலனத்தைப் பற்றிய சிந்தனையிலிருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஒரேம் என்ற பாதிரியார், காலத்தைக் கிடைக்கோடாகவும் வேகத்தை அதன்மேல் எழும் உயரமாகவும் வரைந்து, அந்த உருவத்தின் பரப்பே கடந்த தூரம் என்று காட்டியிருந்தார். கலிலியோவும் டொரிசெல்லியும் இந்தச் சித்திரத்தைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். தூரம் மாறும் வீதம் வேகம். வேகத்தின் கீழுள்ள பரப்பு தூரம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பாலம் கட்டியாயிற்று. 1668-ல் பதுவா நகரில் ஜேம்ஸ் கிரெகரி என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அச்சிட்ட நூலிலும், 1670-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஐசக் பாரோவின் க்ஷேத்திரகணிதச் சொற்பொழிவுகளிலும் அந்தத் தேற்றம் நிரூபணத்துடனே இருக்கிறது. ஒரு வளைவரையின் பரப்பை உயரமாகக் கொண்டு மற்றொரு வளைவரையை வரைந்தால், இரண்டாவதன் தொடுகோட்டின் சரிவு முதலாவதன் உயரத்தைத் தருகிறது என்பதே அதன் சாரம். பாரோ அதைத் தம் பத்தாவது சொற்பொழிவில், பல தேற்றங்களிடையே ஒன்றாக, அதற்கென்று தனிச் சிறப்பேதும் கொடாமல் வைத்துவிட்டுச் சென்றார். கட்டிய பாலத்தின் மேல் அவர் நடந்து பார்க்கவில்லை. ஆயினும் அவரை மறந்து நியூட்டனை மட்டும் புகழ்வது நியாயமன்று.

நடந்து பார்த்தவர் நியூட்டன். 1665-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மூடப்பட்டதால் லிங்கன்ஷயரில் தம் தாயாரின் ஊரான வுல்ஸ்தார்ப்புக்குத் திரும்பிய இருபத்திரண்டு வயது இளைஞர், கணித அறிஞர் வாலிஸின் நூலை ஊன்றிப் படித்ததன் பயனாக முடிவிலாத் தொடர்களைக் கையாளும் முறையை முன்பே பெற்றிருந்தார். அருகிலுள்ள பூத்பி என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, அதிபரவளையத்தின் பரப்பை ஐம்பத்திரண்டு இலக்கங்கள் வரை கணக்கிட்டார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. அந்த வயதில் இவ்விஷயம் அவரை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1669-ல் அவர் எழுதி, பாரோவின் மூலம் லண்டனில் இருந்த காலின்ஸ் என்பவருக்குச் சென்ற சிறு நூலின் இறுதியில் உள்ள நிரூபணம் மிகச் சுருக்கமானது. அதைக் கிட்டத்தில் பார்ப்போம்.

ஒரு வளைவரையின் கீழுள்ள பரப்பின் வர்க்கம், தூரத்தின் கனத்தில் ஒன்பதில் நான்கு பங்கு என்று அவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். கவனிக்க: பரப்பைக் கொடுத்துவிட்டு வளைவரையைக் கேட்கிறார். தூரம் ‘ஒ’ என்ற சிறு அளவு கூடட்டும். அப்போது பரப்பின் மேல் ஒரு மெல்லிய கீற்று கூடும். கீற்றின் அகலம் ‘ஒ’, உயரம் ஏறக்குறைய வளைவரையின் உயரம். கூடிய பரப்பின் வர்க்கத்தையும் கூடிய தூரத்தின் கனத்தையும் விரித்தெழுதி, இருபுறமும் முன்பிருந்தே சமமாக உள்ளவற்றை நீக்கி, எஞ்சியதை ‘ஒ’-வால் வகுத்தபின், ‘ஒ’ மறைந்துவிடட்டும் என்கிறார். அதனோடு பெருகி நின்ற உறுப்புகளெல்லாம் அழிந்துபோக, பரப்பையும் உயரத்தையும் பெருக்கிய இருமடங்கு, தூரத்தின் வர்க்கத்தில் மூன்றில் நான்கு பங்குக்குச் சமம் என்று நிற்கிறது. பரப்பின் மதிப்பை அதில் இட்டதும், உயரம் தூரத்தின் வர்க்கமூலம் என்று வந்துவிடுகிறது. ஆகவே, உயரம் வர்க்கமூலமாக உள்ள வளைவரையின் பரப்பு தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதேயாம். இங்கே எண்ணற்ற செவ்வகங்கள் இல்லை. அவற்றைக் கூட்டும் சூத்திரம் இல்லை. பரப்பு வளரும் வீதம் அந்த இடத்து உயரமே என்ற ஓர் உண்மை மட்டுமே உண்டு. அந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டு அவர், பரப்புகளை முன்கூட்டியே கொடுத்து அவற்றுக்குரிய வளைவரைகளைப் பெற்று, பின்னோக்கிப் படிப்பதற்கான பட்டியல்களைத் தயாரித்தார். தொகையிடும் சூத்திரங்கள் என்று மாணவர்கள் இன்று மனனம் செய்யும் பட்டியலின் மூதாதை அதுவே. அந்தச் சிறு நூல் அச்சேறியதோ 1711-ல்.

லைப்னிட்ஸ் அடைந்த வழி முற்றிலும் வேறு. என் மனத்திற்கு அதுவே அதிக இன்பம் தருவது. ராஜதந்திர காரியமாக 1672-ல் பாரிஸுக்கு வந்த இந்த ஜெர்மானிய வக்கீல், உயர்கணிதம் அதிகம் பயிலாதவர். ஹைகன்ஸ் அவரைப் பரீட்சிக்கும் பொருட்டு ஒரு கணக்குக் கொடுத்தார்: ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று என்று முக்கோண எண்களின் தலைகீழ்களை முடிவின்றிக் கூட்டினால் என்ன வரும்? லைப்னிட்ஸ் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு வித்தியாசமாக எழுதினார். ஒன்று என்பது இரண்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றில் ஒன்று என்பது ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆறில் ஒன்று என்பது மூன்றில் இரண்டுக்கும் பாதிக்கும் உள்ள வித்தியாசம். வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வோர் உறுப்பிலும் கழிக்கப்பட்டது அடுத்த உறுப்பில் கூட்டப்படுகிறது. நடுவிலுள்ள யாவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, முதலாவதான இரண்டும், சூன்யத்தை நோக்கித் தேய்ந்து செல்லும் கடைசியும் மட்டுமே மிஞ்சுகின்றன. விடை இரண்டு. ஆண்டு முழுதும் வரவும் செலவும் எழுதிய பேரேட்டில், ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டி வரும் தொகை, ஆண்டிறுதி இருப்பிலிருந்து ஆண்டுத் தொடக்க இருப்பைக் கழித்தால் வருவதேயன்றி வேறல்ல என்பதைக் கணக்குப்பிள்ளை ஒவ்வொருவரும் அறிவர். லைப்னிட்ஸின் பெருமை, இந்த எளிய உண்மையை முடிவிலாமல் நுணுகிய கூறுகளுக்கும் கொண்டு சென்றதில் இருக்கிறது. வளைவரையின் கீழுள்ள ஒவ்வொரு மெல்லிய கீற்றையும் வேறொரு ராசியின் சிறு வித்தியாசமாக எழுத முடியுமானால், கீற்றுகளையெல்லாம் கூட்டியது அந்த ராசியின் இறுதி மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்ததாகும். மேல் எல்லை, கீழ் எல்லை, கழித்தல் என்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

1675-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதியிட்ட அவருடைய கையெழுத்துத் தாளில், கவலியெரியின் ‘எல்லாக் கோடுகளும்’ என்ற வழக்கைப் பின்பற்றி அதுவரை எழுதி வந்த லத்தீன் சொற்குறியை விடுத்து, தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி இழுத்த அடையாளத்தை முதல் முறையாக இடுகிறார். நவம்பர் மாதத்துத் தாள்களில் வித்தியாசத்தின் அடையாளமும் தோன்றுகிறது. கூட்டலுக்கு ஒன்று, வித்தியாசத்திற்கு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்பது அடையாளங்களின் வடிவிலேயே வெளிப்பட்டு நின்றது. 1684-லும் 1686-லும் லைப்சிக் நகரத்து அறிவியல் இதழில் அவர் பிரசுரித்த கட்டுரைகள் மூலமாக ஐரோப்பா முழுதும் இம்முறை பரவிற்று. 1693-ல் பரப்பு காணும் பொதுப் பிரச்சினையைத் தொடுகோட்டின் எதிர்ப் பிரச்சினையாக மாற்றும் தேற்றத்தைத் தெளிவாக வெளியிட்டார்.

இவ்விடத்தில் நம் அண்டை மாநிலத்தின் செய்தியொன்றைச் சொல்லாமல் மேலே செல்வது தகாது. பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவரிடம் தொடங்கிய கேரளத்துக் கணித பரம்பரையில் வந்த ஜ்யேஷ்டதேவர், பதினாறாம் நூற்றாண்டில் மலையாள உரைநடையில் இயற்றிய யுக்திபாஷை என்னும் கிரந்தத்தில், எண்களின் அடுக்குகளைக் கூட்டும் சங்கலிதங்களும், அவற்றிலிருந்து வட்டத்தின் சுற்றளவுக்குக் கிடைக்கும் முடிவிலாத் தொடரும் நிரூபணங்களுடன் சொல்லப்பட்டுள்ளன. இவற்றினும் என்னைக் கவர்வது, கோளத்தின் மேற்பரப்பைக் காண்பதற்கு அந்நூல் கையாளும் யுக்தி. கோளத்தைக் கிடைமட்ட வளையங்களாக அறுத்தால், ஒவ்வொரு வளையத்தின் ஆரமும் ஒரு ஜ்யா, அதாவது அரை நாண். ஆகவே ஜ்யாக்களையெல்லாம் கூட்ட வேண்டும். வில்லைச் சமகூறுகளாக்கினால் அடுத்தடுத்த ஜ்யாக்களின் வித்தியாசங்களை எழுதலாம். அவ்வித்தியாசங்களின் வித்தியாசங்களோ மறுபடியும் அந்தந்த ஜ்யாவுக்கே விகிதசமமாக இருக்கின்றன. ஆதலால் ஜ்யாக்களைக் கூட்டுவது வித்தியாசங்களின் வித்தியாசங்களைக் கூட்டுவதாகிவிட, அக்கூட்டலில் நடுவிலுள்ளவை கழிந்து முனைகளில் உள்ள வித்தியாசங்களே மிஞ்சுகின்றன. சுற்றளவை விட்டத்தால் பெருக்கியதே கோளத்தின் மேற்பரப்பு என்ற விடை வருகிறது. லைப்னிட்ஸுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, இரு முனைகளின் வித்தியாசம் என்ற இந்தத் தத்துவத்தை வட்டத்தின் ஜ்யாவில் கண்டு பயன்படுத்தியவர்கள் நம் பக்கத்துக் கேரளத்தில் இருந்தார்கள். எல்லா வளைவரைகளுக்கும் உரிய பொது விதியாக அதை அவர்கள் விரித்துக் கூறவில்லை. அவர்களுடைய நாட்டம் வட்டத்திலும் கிரகங்களின் கதியிலுமே நிலைத்திருந்தது. அந்த உண்மையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் உள்ளபடி சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் இடையே முந்தினவர் யார் என்று மூண்ட கலகமும், 1712-ல் லண்டன் ராயல் சொஸைட்டி தன் தலைவரான நியூட்டனுக்குச் சாதகமாக வெளியிட்ட தீர்ப்பும் எல்லாரும் அறிந்த கதை. அதில் படிப்பினைக்குரிய கணிதம் யாதும் இல்லை. அதன் பின் நேர்ந்த மாறுதலே கவனிக்கத்தக்கது. பரப்பு காணும் கருவியாகப் பிறந்த எதிர் வகையிடல், பயன்பட்ட வேகத்தில் தன் பிறப்பையே மறக்கச் செய்துவிட்டது. 1768 முதல் 1770 வரை ஆய்லர் மூன்று தொகுதிகளில் வெளியிட்ட மகாநூலில், தொகை நுண்கணிதம் என்பதே வகையிடலின் எதிர்ச்செயல் என்று இலக்கணம் வகுக்கப்பட்டது. கூட்டல் என்பது விடையைத் தோராயமாகப் பெறும் உபாயமாக ஒதுங்கி நின்றது. ஆய்லரின் கையில் இது எண்ணற்ற செல்வங்களைக் கொண்டுவந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு கருத்தை அதன் கருவியாலேயே வரையறுப்பதில் அபாயம் உண்டு. இன்றும் பல வகுப்புகளில் சூத்திரப் பட்டியலை முதலில் மனனம் செய்வித்து, கூட்டலின் எல்லையைக் கடைசியில் ஒரு சடங்காகக் காட்டும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமுண்டாகிறது. பரப்பு ஏன் கழித்தலால் வருகிறது என்று கேட்க வேண்டிய மாணவன், அது வேறு எதனாலும் வரக்கூடும் என்றே அறியாமல் போகிறான்.

அபாயத்தை வெளிப்படுத்தியது வெப்பம். உலோகத்தில் வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த பூரியே, 1822-ல் வெளியிட்ட நூலில், எவ்வித ஒழுங்குமற்ற சார்பையும் சைன்களின் தொடராக விரிக்கலாம் என்று கூறி, அத்தொடரின் ஒவ்வொரு குணகத்தையும் ஒரு வரையறுத்த தொகையாக எழுதினார். எல்லைகளை அடையாளத்தின் அடியிலும் தலையிலும் இடும் வழக்கமும் அவருடையதே. மனம்போனபடி வரைந்த ஒரு கோட்டிற்கு எதிர் வகைக்கெழுவை எங்கே தேடுவது? ஆனால் அதன் கீழே பரப்பு இருக்கிறது என்பதை யார் மறுப்பது? 1823-ல் பாரிஸ் எகோல் பாலிடெக்னிக்கில் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட பாடங்களில் கோஷி இவ்விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பி நேராக நிறுத்தினார். வரையறுத்த தொகை என்பது கீற்றுகளின் கூட்டுத்தொகை சென்றடையும் எல்லையேயாகும் என்று முதலில் ஸ்தாபித்து, தொடர்ச்சியுள்ள சார்புகளுக்கு அந்த எல்லை உண்டென்று காட்டினார். மேல் எல்லையை நகரவிட்டால் அந்தத் தொகை வளரும் வீதம் மூலச் சார்பே என்று நிரூபித்தார். ஒரே வகைக்கெழுவை உடைய இரண்டு சார்புகள் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடும் என்பதைச் சேர்த்து, கழித்தல் விதியை ஒரு தேற்றமாகப் பெற்றார். இலக்கணமாக இருந்தது தேற்றமாயிற்று. அதுவே அதற்குரிய உயர்வு.

தேற்றமானவுடன், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கேள்வியும் எழுந்தது. 1854-ல் கெட்டிங்கனில் ரீமான் கூட்டலின் எல்லையை இன்னும் விரிந்த சார்புகளுக்குக் கொண்டு சென்றார். 1881-ல் பீசா நகரில் மாணவராக இருந்த வோல்டெர்ரா, எங்கும் வகையிடத்தக்கதும், வகைக்கெழு வரம்புக்குட்பட்டதும், ஆயினும் அந்த வகைக்கெழுவை ரீமான் முறையில் கூட்ட முடியாததுமான ஒரு சார்பை அமைத்துக் காட்டினார். வித்தியாசங்களைக் கூட்டினால் முனைகள் மிஞ்சும் என்ற விதி இங்கே கூட்டலே இல்லாமல் தவித்தது. 1902-ல் லெபேக் தம் ஆராய்ச்சி நூலில் பரப்பைச் செங்குத்துக் கீற்றுகளாக வெட்டாமல், ஒத்த உயரங்களைத் திரட்டி அளக்கும் புதிய முறையை வகுத்தபோது, இத்தகைய வகைக்கெழுக்களுக்கும் விதி மீண்டும் நிலைபெற்றது.

நடைமுறையில் கணக்கிடுவோருக்கு நேர்ந்த தடையோ வேறு. எதிர் வகைக்கெழு உண்டு என்று அறிவது ஒன்று. அதை அடுக்குகள், மடக்கை, சைன் போன்ற பழகிய சார்புகளால் எழுதுவது மற்றொன்று. பிழைகளின் விநியோகத்தைக் குறிக்கும் மணி வடிவ வளைவரைக்கு அவ்விதம் எழுதவே முடியாது என்பது 1830-களில் லியுவில் வகுத்த கோட்பாட்டினால் உறுதிப்பட்டது. ஆயினும் அவ்வளைவரையின் கீழ் இருபுறமும் முடிவின்றி விரியும் முழுப் பரப்பும் ‘பை’ என்ற எண்ணின் வர்க்கமூலத்தோடு தொடர்புடையது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். இடையில் ஏதோ ஓர் எல்லை வரை உள்ள பரப்பைக் கேட்டால் எழுத்தில் அடங்காத விடை, முழுப் பரப்பைக் கேட்டால் ஒரு வரியில் அடங்கும். இவ்வகைத் தொகைகளை, எதிர் வகைக்கெழுவின் உதவியின்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு யுக்தியால் வெல்லும் கலை மீண்டும் தழைத்தது.

அக்கலையில் ஒப்பற்றவர் ராமானுஜன். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வரையறுத்த தொகைகள் பல இருந்தன. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கிற்று; மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தாம் செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அறிக்கைகளில் அவர் முதன்மையாக விவரித்தது, சூன்யத்திலிருந்து முடிவிலி வரை செல்லும் தொகைகளைப் பற்றிய ஒரு தேற்றம். ஒரு சார்பைத் தொடராக விரித்து, அதன் குணகங்கள் உறுப்பின் வரிசை எண்ணைப் பொறுத்து எவ்விதம் மாறுகின்றன என்ற விதியைக் கண்டுகொண்டு, வரிசை எண்ணின் இடத்தில் ஓர் எதிர்மறை எண்ணை இட்டு, அதற்குரிய ஒரு காரணியால் பெருக்கினால், தொகையின் மதிப்பு வந்துவிடும் என்பது அதன் கருத்து. பின்னோக்கித் தேட வேண்டிய சார்பு இதில் இல்லை. கழிக்க வேண்டிய இரு முனைகளும் இல்லை. எவ்வகைச் சார்புகளுக்கு இது பொருந்தும் என்ற வரையறையை ராமானுஜன் சரிவரக் கொடுக்கவில்லை. அதை நிர்ணயித்து நிரூபணம் செய்யும் வேலையைப் பிற்காலத்தில் ஹார்டி ஏற்றுக்கொண்டார்.